காய்ச்சலும் கரடி ஓட்டிய லாரியும்

அன்பும் மரியாதையும் ஓரளவு பயமும் கலந்த வணக்கத்துடன் அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மருமகள் வாண்டுவும் சுகம். அவள் என்னைவிடச் சுகம். அங்கே நீயும் மாமாவும் உன் வார்டில் படுத்திருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் சுகமாக இருக்க வேண்டுமென்று மனதார விரும்புகிறேன். அவர்கள் சுகமாக இருந்தால்தான் நீ நல்ல மனநிலையில் இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படிப்பாய் என்பது இதில் என் சுயநலம்.

கைக்குள் போன் இருக்கும்போது எதற்காகக் கடிதம் என்று நீ கேட்க முடியாது. புதன்கிழமை காலையில் நீதான் சொன்னாய்: "டியூட்டி நேரத்துல பதினோரு தடவை போன் பண்ணினா மனுஷி எப்படிடா வேலை பார்ப்பா? இனிமே என்ன இருந்தாலும் லெட்டர் போடு, போ!" கோபத்தில் சொல்லியிருப்பாய் என்று நினைத்து இன்னொரு தடவை அடித்துப் பார்த்தேன். உன் வார்டில் இருக்கும் அந்தச் சின்ன நர்ஸ் எடுத்து, "சார், அக்கா தபால்ல அனுப்பச் சொன்னாங்க" என்றாள். பின்னால் நீ சிரித்தது எனக்குக் கேட்டது. சரி, மூத்தவள் சொல்லைத் தட்டக் கூடாது என்று மூன்று நாளாகச் சேர்த்துவைத்து இப்போது மொத்தமாக எழுதுகிறேன். உன் தம்பி பெண்டாட்டிக்கு இன்னும் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. இந்தக் கடிதத்தின் நோக்கமே அதுதான், முடிவில் சொல்கிறேன்.

அவள் ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் பராமரிப்புப் பயிற்சிக்குக் கிளம்பும்போது நீ என்ன சொன்னாய் என்பதை நான் மறக்கவில்லை. "பத்து நாள் இவன்கிட்ட பிள்ளையை விட்டுட்டா போற? இவனுக்கு ஐஸ்கிரீமைப் பார்த்துக்கத்தான் தெரியும்" என்றாய். நான் குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசராக இருப்பதை நீ என்றைக்குமே ஒரு வேலையாக மதித்ததில்லை. பத்தொன்பது வருடமாக மணிக்கு ஒரு தடவை ஆறு அறைகளின் வெப்பநிலையைப் பார்த்து நோட்டில் எழுதுகிறேன், எல்லை தாண்டினால் சிவப்பு மையால் எழுதுகிறேன், என் பொறுப்பில் இதுவரை ஒரு பெட்டி கெட்டுப்போனதில்லை. ஆறு அறையைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு மூன்றரை வயதில் ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று நினைத்தேன். நான் அப்படி நினைத்ததுதான் இந்த வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் மூலகாரணம்.

செவ்வாய்க்கிழமை மதியம் பள்ளியிலிருந்து வந்த வாண்டுவுக்கு மேல் சுட்டது. நான் பதறவில்லை. அலமாரியில் இருந்த இரண்டு தெர்மாமீட்டரையும் எடுத்து இரண்டு அக்குளிலும் வைத்து, இரண்டுக்கும் சராசரி போட்டேன், எங்கள் கிடங்கில் அப்படித்தான். நூற்று ஒன்று புள்ளி எட்டு. உடனே வரைபடத் தாள் ஒன்றை எடுத்துக் கோடு கிழித்து, ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டி, முதல் புள்ளியைச் சிவப்பில் வைத்தேன். அடுப்படி டைமரைப் பதினைந்து நிமிடத்துக்குத் திருப்பினேன். அது அடிக்கும்போதெல்லாம் வாண்டு எங்கிருந்தாலும் பிடித்து இரண்டு கையையும் தூக்கச் சொல்வேன். இரண்டாவது தடவைக்குள் அவளுக்கு இது பழகிவிட்டது. டைமர் அடித்தால் போலீஸைப் பார்த்த திருடன் போலக் கையைத் தூக்கிக்கொண்டு அவளே வந்து நிற்பாள். தூங்கும்போது டைமர் அடித்தால் எழுப்பிப் பார்த்தேன். அது ஏழாவது போன். "தூங்குற பிள்ளையை அளவெடுக்க எழுப்புற ஒரே அப்பன் நீதான்டா" என்று நீ சொன்னது அப்போதுதான்.

அதற்கு முன்னால் ஐந்தாவது போன் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நான் எழுதாவிட்டாலும் நீ மாமாவிடம் சொல்லிச் சிரித்திருப்பாய், ஆகவே நானே எழுதிவிடுகிறேன். எல்லை தாண்டினால் குளிர்விக்க வேண்டும் என்பது என் தொழில். ஐஸ்கிரீம் பெட்டிகளுக்கு நடுவில் வைக்கிற நீல நிற ஜெல் பைகள் ஆறு வீட்டு ஃபிரீசரில் இருந்தன. கால்மாட்டில் இரண்டு, தலைமாட்டில் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று என்று முறையாக அடுக்கினேன். முதலில் அவளும் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் பல் கிட்டித்துப்போய் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தாள். நீ போனில், "அவ என்ன மீனாடா? எடுடா முதல்ல எல்லாத்தையும்! மெல்லிசா ஒரு சட்டை போடு, குடிக்கக் குடு, போன தடவை டாக்டர் அவ எடைக்கு எழுதிக் குடுத்த காய்ச்சல் மருந்தைக் குடு, அவ்வளவுதான்" என்று கத்தினாய். மீன் எங்கள் கிடங்கில் நான்காவது அறை. அதற்கு ஜெல் பை போதாது என்று விளக்கம் சொல்ல வாயெடுத்தேன், நல்ல வேளை, நீ வைத்துவிட்டாய்.

மறுபடி கூப்பிட்டபோது கோபம் தணிந்து, எழுதிக்கொள் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாய். நீ சொன்னதை அப்படியே எழுதினேன், இப்போதும் கண்ணெதிரே இருக்கிறது: "நம்பரைப் பார்க்காதே, பிள்ளையைப் பாரு. குடிக்கிறாளா, மூச்சா போறாளா, காய்ச்சல் இறங்கினப்போ விளையாட வராளா. இந்த மூணும் இருந்தா வீட்டுலயே இரு. இதுல ஒண்ணு இல்லன்னாலும் டாக்டர்கிட்ட போ. மூச்சு வாங்கினா, எழுப்பினா முழிக்கலைன்னா, கழுத்து விறைச்சா, உடம்புல புள்ளி புள்ளியா வந்தா, வலிப்பு வந்தா, எனக்குப் போன் பண்ணிட்டு நிக்காதே, ஓடு. எதுவுமே இல்லாம மூணு நாளைத் தாண்டினாலும் காட்டு." நல்ல விஷயம்தான். ஆனால் அக்கா, உண்மையைச் சொல்கிறேன், முழுக் காகிதத்திலும் ஒரு டிகிரி இல்லை, ஒரு புள்ளி இல்லை. இப்படி ஒரு குறிப்பை எங்கள் கிடங்கில் கொண்டுவந்தால் மேனேஜர் கிழித்துப் போடுவார். ஆகவே என் வரைபடத்தைக் கண் மட்டத்தில் வைத்துவிட்டு, உன் காகிதத்தை ஃபிரிட்ஜின் அடியில் ஒரு காந்தத்தைப் போட்டு ஒட்டினேன். அது வாண்டுவின் கண் மட்டம். அவள் அதைப் புதுக் கதை என்று நினைத்து, "படி, படி" என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை என்னைப் படிக்க வைத்தாள். நானும் டைமரைப் பார்த்துக்கொண்டே படித்தேன்.

நீ இவ்வளவு சொல்லியும் அன்று மாலையே அவளைத் தூக்கிக்கொண்டு குழந்தை டாக்டரிடம் போனேன், ஏனென்றால் காய்ச்சல் நூற்று இரண்டு புள்ளி நாலுக்கு வந்துவிட்டது. வெளியே போகிறோம் என்றதும் அவளே தன் செருப்பை எடுத்துவந்து, என் செருப்பையும் எடுத்துவந்து வாசலில் ஜோடியாக வைத்தாள். டாக்டர் அறையில் நான் மதியம் ஒன்றே முக்கால் மணி அளவிலிருந்து வரிசையாக வாசிக்க ஆரம்பித்தேன். அதற்குள் அவள் எடை பார்க்கும் மிஷின் மேல் ஏறிக் குதித்து, முள் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "காய்ச்சல் யாருக்கு?" என்று கேட்டார். பிறகு தொண்டையையும் காதையும் நெஞ்சையும் பார்த்துவிட்டு, மருந்து எழுதி, நீ சொன்னதையே அவரும் சொல்லி அனுப்பினார். நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டீர்களோ என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம்.

புதன்கிழமை காய்ச்சல் நூற்று மூன்று புள்ளி இரண்டு. இனிமேல் யார் என்னைக் கேலி செய்ய முடியும் என்று வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி போனேன். டோக்கன் கொடுக்கிற அம்மாள் ஏழாம் நம்பர் கொடுத்தார். ஆறாம் நம்பர் உள்ளே இருக்கும்போது ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். பிறந்து நாற்பது நாள்தான் ஆகிறதாம். டோக்கன் அம்மாள் அந்தக் குழந்தைக்கு எவ்வளவு காய்ச்சல் என்று கேட்டார், நூறு புள்ளி ஆறு என்றாள், உடனே அவளை எனக்கு முன்னால் உள்ளே அனுப்பப் போனார். எனக்கு வந்ததே கோபம்! "என்னம்மா நியாயம் இது? என் பொண்ணுக்கு நூத்தி மூணு. அதுக்கு நூறுதான். கணக்குப்படி நாங்கதான் முதல்ல போகணும்" என்று வரைபடத்தை விரித்தேன். அந்த அம்மாள் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. "சார், மூணு மாசம் ஆகாத பிள்ளைக்கு நூறு புள்ளி நாலு வந்தாலே ஒரு நிமிஷம் காக்க வைக்கக் கூடாது. அதுங்க பால் குடிச்சாலும், சிரிச்சாலும் நம்பக் கூடாது. உங்க பொண்ணு என் ஸ்டேப்ளரைத் தூக்கிட்டு ஓடுறா, முதல்ல அதைப் பிடிங்க" என்றார். கூடத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் குழந்தையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை, அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது அக்கா. நானே எழுந்துபோய் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.

எங்கள் முறை வந்தபோது டாக்டர் மறுபடி எல்லாம் பார்த்துவிட்டு, வைரஸ் காய்ச்சல்தான், நாளைக்கு வாயில் புண் வந்தாலும் வரும், அப்போது காய்ச்சல் இறங்கினாலும் இவள் குடிக்க மறுப்பாள், அதைக் கவனியுங்கள் என்றார். கவனித்தேன். வீட்டுக்கு வந்து வரைபடத்தின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு 'குடித்தது' என்று தலைப்பே எழுதினேன். அதற்கு நம்பர் எதுவும் தோன்றாததால் கட்டத்தைக் காலியாக விட்டேன். இதுதான் நான் செய்த தப்பு. மற்றதெல்லாம் கோமாளித்தனம், நீ எவ்வளவு வேண்டுமானாலும் சிரித்துக்கொள். இதற்கு மட்டும் சிரிக்காதே.

வியாழக்கிழமை காலை நூற்று ஒன்று. பத்து மணிக்கு நூறு புள்ளி நாலு. மதியம் தொண்ணூற்று ஒன்பது புள்ளி எட்டு! அக்கா, அந்தக் கோடு இறங்கிய அழகை நீ பார்த்திருக்க வேண்டும். கிடங்குக்குப் போன் போட்டு, "நம்ம மூணாம் அறை மாதிரி கிடுகிடுன்னு இறங்குதுடா" என்று பீற்றிக்கொண்டேன். டைமர் அடித்தபோது அவள் கையைத் தூக்கிக்கொண்டு வரவில்லை, சோபாவிலேயே படுத்திருந்தாள். சமர்த்தாகிவிட்டாள் என்று நினைத்தேன். காலையில் வைத்த பால் டம்ளர் ஆடை படிந்து அப்படியே இருந்தது. தண்ணீர் டம்ளரும் அப்படியே. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது, நான் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு முடித்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

பிறகு, பாவம் பிள்ளை, ஒரு கதை சொல்வோம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். லாரி ஓட்டும் கரடியின் கதை எங்கள் வீட்டில் ஒரு வருடமாக ஓடுகிறது. கரடியின் லாரிக்கு ஆறு சக்கரம். நான் வேண்டுமென்றே நாலு என்பேன், அவள் வீடே அதிரும்படி "ஆறு!" என்று கத்துவாள், கத்தினால்தான் லாரி கிளம்பும். சட்டமே அதுதான். அன்றைக்கு, "ஒரு ஊர்ல ஒரு கரடி, அதுக்கு ஒரு லாரி, அந்த லாரிக்கு நாலு சக்கரம்" என்று நிறுத்தினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு சக்கரம்" என்றேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். "சக்கரமே இல்லாத லாரி" என்றேன். அக்கா, சக்கரமே இல்லாத லாரியை ஓட்டிக்கொண்டு கரடி போகிறது, என் மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உதடு காய்ந்து தோல் வெடித்திருந்தது. அழுகிற மாதிரி முகம் போயிற்று, கண்ணில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மூச்சா எப்போது போனாள் என்று யோசித்தேன், காலையில் எழுந்தவுடன் போனது, அதற்கப்புறம் இல்லை. மணி இரண்டரை.

ஃபிரிட்ஜின் அடியில் இருந்த உன் காகிதத்தைப் படிக்கக் குனியவே இல்லை, அது முழுக்க எனக்கு மனப்பாடமாகியிருந்தது, அவள்தான் அத்தனை தடவை படிக்க வைத்தாளே. தெர்மாமீட்டரை எடுக்கவில்லை. உனக்குப் போன் பண்ணவில்லை, நீ ஓடு என்றுதானே சொல்லியிருந்தாய். அவள் செருப்பை நான்தான் மாட்டிவிட்டேன். பாதி வழியில்தான் பார்த்தேன், இடது வலதாகவும் வலது இடதாகவும் மாட்டியிருந்தேன். வேறு நாளாக இருந்தால் வாசலிலேயே என்னை நிற்க வைத்துத் திட்டியிருப்பாள். தெரு முழுக்க நான் ஓடினேன். ஓடும்போது அழுதேன் என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

டோக்கன் அம்மாள் என்னைப் பார்த்ததும் சிரிக்கத் தயாரானார், தோளில் கிடந்தவளைப் பார்த்ததும் நம்பர் கொடுக்காமல் கதவைத் திறந்தார். டாக்டர் எழுதிக்கொண்டே நிமிராமல், "வாங்க, இன்னைக்குச் சார்ட் எத்தனை பக்கம்?" என்றார்.

"கொண்டுவரல டாக்டர்."

"காய்ச்சல் எவ்வளவு?"

"தெரியல டாக்டர். இப்ப பார்க்கல. காலையிலேர்ந்து எதுவும் குடிக்கல. மூச்சா போகல. லாரிக்குச் சக்கரமே இல்லைன்னு சொல்லிட்டேன், இவ திருத்தவே இல்ல."

மனுஷர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். என்ன லாரி, எந்தச் சக்கரம் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை அக்கா. வாயைத் திறந்து பார்த்தார், உள்ளே நாக்கிலும் கன்னத்திலும் புண். விழுங்கினால் எரியும் என்று பிள்ளை பயந்துபோய் எச்சிலைக்கூட விழுங்கவில்லை. ஸ்பூனால் கொஞ்சம் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள், துப்பிவிட்டாள். உடம்பில் நீர் குறைந்துவிட்டது, கொஞ்ச நேரம் டிரிப்ஸ் ஏற்றுவோம், பயப்படாதீங்க, சரியான நேரத்துக்குத்தான் கொண்டுவந்திருக்கீங்க என்றார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். மேலே பாட்டிலில் சொட்டுச் சொட்டாக விழுவதை எண்ணவில்லை. சத்தியமாக எண்ணவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் அவ்வளவு இருக்கிறது அக்கா. மூன்றரை வருடமாக வீட்டில் வைத்துக்கொண்டு இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.

ஐந்து மணி சுமாருக்கு டாக்டர் வந்தார். அவருக்கும் அந்த லாரி மனதில் உறுத்திக்கொண்டிருந்தது போலிருக்கிறது. கால்மாட்டில் நின்று, "என்னம்மா, உங்க வீட்டுக் கரடி லாரிக்கு நாலு சக்கரமாமே?" என்றார்.

"ஆறு!"

பக்கத்து அறையில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அப்படி ஒரு சத்தம். அந்தச் சத்தத்தோடு கட்டிலையும் நனைத்துவிட்டாள். ஒரு பிள்ளை கட்டிலை நனைத்ததற்கு இரண்டு ஆண்பிள்ளைகள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நீ பார்த்திருக்க மாட்டாய். டாக்டர் என் தோளில் தட்டி, "இனிமே சார்ட் வேண்டாம், சார். கரடி போதும்" என்றார்.

இன்று சனிக்கிழமை. காய்ச்சல் நேற்றே விட்டுவிட்டது, எனக்கு எப்படித் தெரியும் என்றால் அவள் என் இஸ்திரி போட்ட சட்டையில் மூன்றைக் கரடிக்குக் கூடாரமாக்கிவிட்டாள். ஆறவைத்த கஞ்சித் தண்ணீர் ஸ்பூன் ஸ்பூனாக இறங்குகிறது. மூச்சா மணிக்கொரு தடவை, அதுவும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, ஊருக்கே அறிவித்துவிட்டு. வரைபடத்தைக் கிழித்துப்போட்டேன். தெர்மாமீட்டரில் ஒன்றை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டேன், இன்னொன்றைக் கரடி பொம்மையின் அக்குளில் அவள் வைத்திருக்கிறாள். உன் காகிதத்தை என் கண் மட்டத்துக்கு ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் அவள் விடவில்லை, அது அவளுடைய கதையாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உன் தம்பி பெண்டாட்டிக்குத் திங்கட்கிழமை கடைசித் தேர்வு. அதில் தேறினால் எங்கள் வட்டாரத்தில் இருக்கும் லிஃப்ட் அத்தனைக்கும் பராமரிப்புப் பொறுப்பு அவளுடையது. இரண்டு வருடமாக இதற்காக உழைத்திருக்கிறாள். வாண்டுவுக்கு டிரிப்ஸ் ஏறியது என்று காதில் விழுந்தால் போதும், பதினான்காவது மாடியில் இருந்தாலும் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடிவந்துவிடுவாள். ஆகவே உன்னைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், திங்கள் மாலைவரை அவளிடம் மூச்சு விடாதே. தேர்வு முடிந்ததும் நானே ஒன்றையும் மறைக்காமல் சொல்லி, வாங்க வேண்டியதை வாங்கிக்கொள்கிறேன். நீயும் லீவு போட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்கிவிடாதே. தேவையே இல்லை. காய்ச்சலைப் பற்றி இனி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்பரைக் கண்டு நடுங்குகிற ஆள் செத்துவிட்டான். இப்போது இந்த வீட்டில் இருப்பது பிள்ளையைப் பார்க்கத் தெரிந்த, நிதானமான, பக்குவப்பட்ட ஒரு தகப்பன்.

மாமாவுக்கு என் வணக்கம். உன் வார்டுப் பிள்ளைகள் எல்லாரும் சீக்கிரம் எழுந்து உன்னை ஓட ஓட விரட்டட்டும். அந்தச் சின்ன நர்ஸுக்கு என் நன்றியும் மன்னிப்பும். நீ நோய்நொடி இல்லாமல் இன்னும் நூறு தம்பிகளைத் திட்டும் தெம்போடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நிதானமான உன் தம்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது நெற்றி லேசாகச் சுட்டது. மேல்தட்டுத் தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தேன், தொண்ணூற்று ஒன்பது புள்ளி இரண்டு. கரடியிடம் இருந்ததையும் பிடுங்கிப் பார்த்தேன், புள்ளி மூன்று. சராசரி புள்ளி இரண்டரை. தொண்டையிலும் ஏதோ இருக்கிறது. டைமரைத் திருப்பி வைத்திருக்கிறேன், புது வரைபடம் பின்பக்கத்தில். என் முனகலைக் கேட்டு வாண்டு வந்தாள். புறங்கையை என் நெற்றியில் வைத்து, "அப்பா, தண்ணி குடிச்சியா?" என்று கேட்டாள். குடிச்சேன் என்றேன். "மூச்சா போனியா?" போனேன் என்றேன். "விளையாட வரியா?" என்றாள். எனக்கு இருக்கிற நிலைமையில் என்ன விளையாட்டு, முடியலம்மா என்றேன். அவள் ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு நேராகப் போய், என் செருப்பை எடுத்துவந்து வாசலில் ஜோடியாக வைத்துவிட்டாள். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் டாக்டரிடம் போ என்ற விதி உன்னுடையது, நான் என்ன செய்ய முடியும்? இதைப் பார்த்தவுடன் லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வா. வரும் வழியில் உன் தம்பி பெண்டாட்டியிடமும் சொல்லிவிடு.